அந்தத் தாயின் நேரத்துக்கு யார் கூலி கொடுப்பது?

(கோவை சிங்காநல்லூரில் பஞ்சாலை, விசைத்தறி, பனியன் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பஞ்சப்படி, போனஸ், பீஸ் ரேட் என்று பேசிப் பழகிய மேடை இது. இன்று நாம் பேசப்போவது, மற்றக் குழந்தைகளைப்போல் வளராத குழந்தைகளை வளர்ப்பது பற்றி. “பிள்ளை வளர்ப்புக்கு மாதர் பத்திரிகைகள் இருக்கின்றனவே, தொழிற்சங்க மேடையில் அதற்கென்ன வேலை?” என்று ஒரு நண்பர் கேட்டார். கேட்டவருக்கு இரண்டு ஆரோக்கியமான பிள்ளைகள். ஆகவே அவர் மேல் நமக்குக் கோபமில்லை.

ஆனால் அவரும் ஒருநாள் நம்மோடு வந்து பார்க்கட்டும். சோமனூர், பல்லடம், திருப்பூர் என்று லைன் வீடுகளுக்குள் நுழைந்து பார்க்கட்டும். நாலு வயதாகியும் கழுத்து நிற்காத குழந்தை ஒரு வீட்டில். தறிச் சத்தம் தொடங்கியதும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அலறும் சிறுவன் இன்னொரு வீட்டில். பேச்சு வராத பெண் குழந்தை. அதற்குப் பால் பட்டால் உதடு வீங்குகிறது, அதைச் சொல்லவும் வாயில்லை. இக்குழந்தைகளைக் கோயில் திருவிழாவில் பார்க்க முடியாது, கல்யாண வீட்டில் பார்க்க முடியாது. கதவுக்குப் பின்னால் இருக்கிறார்கள். கூடவே அவர்களுடைய தாயும் இருக்கிறாள்.

திருப்பூரில் பவர்டேபிளில் தைக்கும் ஒரு சகோதரி நம்மிடம் கேட்ட கேள்வியை அப்படியே சொல்கிறோம்: “ஏனுங்க தோழர், தெனமும் ரெண்டு மணி நேரம் புள்ளைக்குக் கை கால நீட்டி மடக்கி விடோணும்னு டாக்டரு சொல்றாருங்க. அந்த ரெண்டு மணி நேரத்துல நானு எத்தன பீஸு அடிப்பனுங்க? அந்தக் காச யாருங்க குடுப்பாங்க?”

எந்தப் பொருளாதாரப் புத்தகமும் இதைவிடத் தெளிவாகக் கேட்டுவிட முடியாது. இக்குழந்தைகளுக்கு முதல் தேவை, பெரியவர்களின் நேரம். பயிற்சிக்கு நேரம், ஊட்டுவதற்கு நேரம், தனிக் கவனத்தோடு சமைப்பதற்கு நேரம், ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க நேரம். தொழிலாளிக் குடும்பத்தில் அந்த நேரம் முதலாளிக்கு விற்றுத் தீர்ந்திருக்கிறது. ஒன்றரை ஷிப்டு ஓட்டினால்தான் வாடகையும் அரிசியும். பிறகு யார் விலை கொடுக்கிறார்கள்? தாய் கொடுக்கிறாள். வேலையை விடுகிறாள், அல்லது தூக்கத்தை விடுகிறாள். ஆகவே இது கூலிப் பிரச்னை. இந்த மேடைக்கு உரிய பிரச்னைதான்.

தாய் கொடுக்கும் விலையோடு நின்றதா? பழியும் அவள் தலையில்தான். கிரகணத்தன்று வெளியே வந்தாள், முன்ஜென்ம வினை, மாமியார் விட்ட சாபம்! படித்தவர்களும் இதற்கு இளைத்தவர்களல்ல. அமெரிக்காவில் 1943-இல் லியோ கானர் என்ற வைத்தியர் ஆட்டிசம் என்ற நிலையை முதன்முதலாக விரிவாக எழுதினார். அதற்குப் பின் கால் நூற்றாண்டுக் காலம் அங்கே பெரிய பெரிய மனோதத்துவ நிபுணர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? பாசம் காட்டாத தாய்மாராலேயே இது வருகிறதாம். ஐஸ்பெட்டித் தாய்மார் என்று பட்டப் பெயரே வைத்தார்கள். 1964-இல் பெர்னார்டு ரிம்லாண்டு என்பவர், இது மூளை வளர்ச்சியைப் பற்றிய விஷயம், தாயின் குற்றமல்ல என்று ஒரு நூலில் வாதாடினார். அவரே அப்படியொரு குழந்தையின் தகப்பனார். அதற்குப் பின்னும் 1967-இல் சிக்காகோவின் புரூனோ பெட்டல்ஹைம், தாயின் மீதே பழியைப் போட்டுப் பிரசித்தமான ஒரு நூல் எழுதினார். நம்மூர் ஜோசியருக்கும் அவருக்கும் உடைதான் வித்தியாசம்.

இன்று விஞ்ஞானம் சந்தேகத்துக்கு இடமின்றிச் சொல்கிறது: ஆட்டிசம் மூளை வளர்ச்சியில் உள்ள வேறுபாடு, மரபணுக்களுக்கு அதில் பெரும் பங்கு உண்டு, தாயின் பாசக் குறைவால் வருவதல்ல. மூளை முடக்குவாதம் வேறு விஷயம். மாதம் நிறையுமுன் பிறப்பது, பிரசவத்தில் மூச்சுத் திணறுவது, பிறந்தவுடன் கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக் காய்ச்சல் இவற்றால் வளரும் மூளை பாதிக்கப்பட்டு உண்டாவது. நல்ல பிரசவ ஆஸ்பத்திரியும், கர்ப்பிணிக்கு ஓய்வும் சாப்பாடும் இருந்தால் ஒரு பகுதியைத் தடுக்கவே முடியும். நிறைமாதம் வரை நின்றுகொண்டே வேலை செய்தவளைப் பார்த்து, வினைப் பயன் என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

பயிற்சி விஷயத்துக்கு வருவோம். தனியார் நிலையங்களில் மணிக்கு நூற்றுக்கணக்கில் வாங்குகிறார்கள். வாரம் ஒருமுறை போய்வந்தால் போதும் என்று யாரும் நினைக்க வேண்டாம். நிலையத்தில் காட்டிக்கொடுப்பதை வீட்டில் தினமும் செய்தால்தான் பலன். தனியாக இரண்டு மணி நேரம் கிடைக்காத வீட்டில், அன்றாட வேலைக்குள்ளேயே பயிற்சியை நுழைக்க வேண்டும். குளிப்பாட்டும்போது வெதுவெதுப்பான நீரில் இறுகிய கையை மெதுவாக விரித்துவிடலாம். வெடுக்கென்று இழுக்கக் கூடாது. தானாக உட்கார முடியாத குழந்தையை இரண்டு சுவர் சேரும் மூலையில், இருபக்கமும் தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைக்கலாம். காசு கொடுத்து நாற்காலி வாங்கும் வரை அது உதவும். சட்டை போடும்போது, கையை நீயே நீட்டு கண்ணு என்று சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். நமக்கு ஒரு நிமிஷம் வீண். குழந்தைக்கு அதுதான் பாடம்.

சோறு ஊட்டும்போது ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். படுக்க வைத்து ஊட்டவே கூடாது. நிமிர்த்தி உட்கார வைத்து, தலை பின்னால் சாயாமல், சிறு கரண்டியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். விழுங்கச் சிரமப்படும் குழந்தைக்கு உணவு மூச்சுக்குழாயில் இறங்கினால் நிமோனியா வரும். அடிக்கடி சளி என்று தூக்கிவரப்படும் பல குழந்தைகளுக்குக் காரணம் இதுவாக இருக்கலாம், வைத்தியரிடம் கேளுங்கள்.

பேச்சு வராத குழந்தைக்குப் படம் பேசும். பழைய காலண்டரிலிருந்து தண்ணீர்க் குடம், சோற்றுத் தட்டு, கக்கூஸ், தூக்கம் என்று படம் வெட்டி அட்டையில் ஒட்டுங்கள். குழந்தை கைகாட்டினால் உடனே அதைக் கொடுங்கள். படம் காட்டினால் பேச்சு வராமலே போய்விடும் என்பது வெறும் பயம். தறிச் சத்தம் தாங்காத குழந்தையை அடித்துப் பழக்க முடியாது. காதை மூட ஒரு துணிப்பட்டை, சத்தம் குறைந்த ஒரு மூலை, தினமும் ஒரே ஒழுங்கில் நடக்கும் வேலைகள் இவையே அவனுக்கு நிம்மதி.

இதெல்லாம் தாய்க்கு மட்டும் சொல்லப்படுவதல்ல. ஊர்வலத்தில் முன்வரிசையில் கொடி பிடிக்கும் சில தோழர்களுக்குத் தங்கள் பிள்ளைக்குச் சோறு எப்படி ஊட்டுவது என்று தெரியாது. இங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள், பெயர் சொல்லவில்லை.

இனிச் சமையல். சிரிக்க வேண்டாம், உயிர் போகிற விஷயம் இதில் இருக்கிறது. ஒவ்வாமை என்பது வேறு, வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமை என்பது வேறு. ஒவ்வாமையில், குறிப்பிட்ட உணவு உள்ளே போன சில நிமிஷங்களிலோ ஒன்றிரண்டு மணி நேரத்திலோ தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, இருமல், மூச்சடைப்பு வரும். பேசத் தெரிந்த பிள்ளை தொண்டை அடைக்கிறது என்று சொல்லும். பேசாத பிள்ளை கழுத்தைப் பிறாண்டும், ஓடும், அலறும். அடம் பிடிக்கிறான் என்று நாம் நினைத்து இன்னும் ஒரு வாய் திணிப்போம். மூச்சு விடச் சிரமப்பட்டாலோ, குழந்தை துவண்டாலோ, அரிப்பு மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. உடனே 108, ஆஸ்பத்திரியில் தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான் மருந்து. எது ஆகாது என்று ஓர் அட்டையில் எழுதிப் பிள்ளையின் சட்டைப்பையில் வைத்து, பள்ளி ஆசிரியைக்கும் சத்துணவு அமைப்பாளருக்கும் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள்.

பால் ஆகாத குழந்தைக்கு ஆட்டுப்பால் கொடுக்கலாம் என்று ஊரில் பெரியவர்கள் சொல்வார்கள். வேண்டாம்! பசும்பால் ஒவ்வாத குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு ஆட்டுப்பாலும் ஒவ்வாது. இரண்டின் புரதமும் நெருங்கிய உறவு. மோர், வெண்ணெய், நெய் எல்லாவற்றிலும் பால் புரதம் கொஞ்சமாவது இருக்கும். நமது கொங்குச் சமையலில் இதற்கு வழி இல்லாமலில்லை. சந்தகையும் தேங்காய்ப்பாலும் இருக்கிறது. அரிசிம்பருப்புச் சோற்றில் நெய்யை விட்டுத் தேங்காய் எண்ணெயில் தாளிக்கலாம். ஆனால் தேங்காய்ப்பால் பசும்பாலுக்கு ஈடல்ல. அதில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் குறைவு. ஆகவே ராகி, தட்டைப்பயறு, கீரை, முள்ளோடு தின்னும் சிறு மீன் என்று வேறு வழியில் ஈடுகட்ட வேண்டும். பாலை மட்டும் நிறுத்திவிட்டுக் குழந்தையை மெலிய விடக் கூடாது.

கோதுமை ஆகாத குழந்தைக்குக் கொங்கு நாடு சொர்க்கம் என்றே சொல்லலாம். கம்பஞ்சோறு, சோளச்சோறு, ராகிக் களி, சாமை, தினை எதிலும் கோதுமை இல்லை. வந்த வினை மறைவாக வருகிறது. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். ஒவ்வாமைப் பொருள்களை அச்சிட வேண்டுமென்று 2020-ஆம் வருஷத்து உணவு லேபிள் விதிகளே சொல்கின்றன. இன்னொன்று மாவு மில். கோதுமை அரைத்த கல்லிலேயே உங்கள் ராகியும் விழுகிறது. காலையில் மில் சுத்தம் செய்தவுடன் முதல் ஆளாகப் போங்கள். தீராத ஒவ்வாமையானால் வீட்டிலேயே அரைப்பதுதான் பத்திரம்.

நிலக்கடலை ஆகாதவர்களுக்குச் சட்னியும் கடலைமிட்டாயும் மட்டும் எதிரி அல்ல. செக்கில் ஆட்டிய கடலையெண்ணெயில் கடலைப் புரதம் தங்கியிருக்கும். காங்கயம் பக்கத்துச் செக்கெண்ணெய்க்கு உள்ள பெருமையை நாம் குறைக்கவில்லை. இந்தக் குழந்தையின் தட்டில் மட்டும் அது வேண்டாம். முட்டை ஆகாத பிள்ளைக்குக் கடைப் புரோட்டாவில் ஜாக்கிரதை. மாவில் முட்டை அடிக்கும் கடைகள் உண்டு. கூடியவரை வீட்டுக்கே ஒரு சமையலாக அமையட்டும். தாய் இரண்டு அடுப்பில் வேகவும் வேண்டாம், பிள்ளை தனித் தட்டோடு ஒதுங்கி உட்காரவும் வேண்டாம்.

எது ஒவ்வாமை என்று யார் சொல்வது? வைத்தியர் சொல்ல வேண்டும். நூறு பண்டத்துக்கு ஒரே ரத்தப் பரிசோதனை என்று விளம்பரம் செய்து பணம் பிடுங்கி, நாற்பது பண்டத்தை நிறுத்தச் சொல்லும் வியாபாரம் இன்று நகரத்தில் நடக்கிறது. காகிதத்தில் வரும் எண் மட்டுமே ஒவ்வாமைக்குச் சாட்சியல்ல. கோதுமையையும் பாலையும் நிறுத்தினால் ஆட்டிசம் குணமாகும் என்பதும் அப்படித்தான். அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. நாலே பண்டம் தின்னும் குழந்தையிடமிருந்து இரண்டைப் பிடுங்குவதுதான் மிச்சம். தண்டு உயிரணுச் சிகிச்சை இன்னும் பெரிய கொள்ளை. ஆட்டிசத்துக்கு அதைச் சிபாரிசு செய்ய முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022-இல் சொல்லிவிட்டது. நிலத்தை அடகு வைத்து ஏமாந்த குடும்பங்கள் இந்த ஜில்லாவிலும் உண்டு.

உணவே மருந்தாகிற நோய் ஒன்று உண்மையில் உண்டு. அதன் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

நார்வே நாட்டில் எக்லாண்டு என்ற குடும்பம். இரண்டு குழந்தைகளும் மூளை வளர்ச்சி குன்றியவர்கள். குழந்தைகள் மேல் ஒரு விசித்திரமான வாடை வீசுவதைத் தாய் போர்க்னி கவனித்தாள். வைத்தியர்கள் காது கொடுக்கவில்லை, அவள் விடவுமில்லை. 1934-இல் அஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற வைத்தியர் அக்குழந்தைகளின் சிறுநீரைச் சோதித்தார். புரதத்தில் உள்ள ஃபீனைல் அலனின் என்ற ஒரு சத்தை அக்குழந்தைகளின் உடம்பு பக்குவப்படுத்த முடியாமல், அது ரத்தத்தில் தேங்கி மூளையைக் கெடுப்பது அதிலிருந்து தெரியவந்தது. ஃபீனைல்கீட்டோனூரியா என்று இதற்குப் பெயர். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் கோளாறான மரபணு வந்தால்தான் இந்நோய் வரும். சொந்தத்திலேயே பெண் எடுத்துப் பெண் கொடுக்கும் நம் வழக்கத்தில் இப்படிப்பட்ட நோய்களுக்கு வாய்ப்புக் கூடுகிறது. கல்யாணத்தை முடிவு செய்வது பெரியவர்கள்; பழி மட்டும் பெண்ணுக்கு!

பதினேழு வருஷம் கழித்து, 1951-இல், இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் குழந்தைகள் ஆஸ்பத்திரி. ஷீலா என்ற சிறுமிக்கு இந்நோய் என்று கண்டார்கள். மருந்தில்லை என்றார்கள். அவளுடைய தாய் தினமும் காலையில் பரிசோதனைச் சாலை வாசலில் வந்து நின்று, என் குழந்தைக்கு ஏதாவது செய்யுங்கள் என்று கேட்டாள். கடைசியில் ஹார்ஸ்ட் பிக்கல் என்ற வைத்தியரும் அவருடைய சகாக்களும் அந்தச் சத்து நீக்கிய தனி உணவைத் தயாரித்துக் கொடுத்தார்கள். சில மாதங்களில் குழந்தை தவழ்ந்தாள், நிற்கக் கற்றாள், தலையைச் சுவரில் முட்டிக்கொள்வதை நிறுத்தினாள். உலகத்தில் அதுதான் முதல் வெற்றி.

பிறகு ஷீலா என்ன ஆனாள்? இதைப் பலர் சொல்வதில்லை. அந்தக் கஷ்டமான உணவு முறையை நாள்தோறும் நடத்த அந்த ஏழைத் தாய்க்குத் துணை இல்லை. அவள் மனநோய்க்கு ஆளானாள். உணவு முறை நின்றது. ஷீலா பராமரிப்பு விடுதிக்குப் போனாள். தாயின் தோளில் மட்டும் ஏற்றப்பட்ட பாரம், விஞ்ஞானத்தின் வெற்றியையே தோற்கடித்துவிட்டது.

அதன் பின் ராபர்ட் கத்ரி என்ற அமெரிக்க விஞ்ஞானி, பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுக்கும் ஒரு துளி ரத்தத்தைத் தாளில் உலர்த்திச் சோதிக்கும் முறையைக் கண்டார். 1963-இல் மாசசூசெட்ஸ் மாகாணம் இதைச் சட்டமாக்கியது. இன்று பல நாடுகளில் எல்லாக் குழந்தைகளுக்கும் சர்க்காரே செய்கிறது. நம் நாட்டில் இன்னும் எல்லாக் குழந்தைகளுக்கும் கட்டாயமாகவில்லை. காசுள்ளவன் தனியார் ஆஸ்பத்திரியில் செய்துகொள்கிறான். பிறவித் தைராய்டுக் குறைவையும் இதே ஒரு துளி ரத்தத்தில் கண்டுபிடிக்கலாம். மலிவான மாத்திரையைப் பிறந்த சில வாரங்களுக்குள் தொடங்கினால் மூளை காப்பாற்றப்படும். அந்தத் துளி ரத்தம் பஞ்சாலைத் தொழிலாளியின் குழந்தைக்கு ஏன் இல்லை?

சட்டம் என்ன சொல்கிறது? 1995-ஆம் வருஷத்துச் சட்டத்தில் ஏழு வகை ஊனங்கள்தான் இருந்தன, ஆட்டிசம் இல்லை. 2016-ஆம் வருஷத்துச் சட்டத்தில் 21 வகைகள். 6 வயதிலிருந்து 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை என்று அதில் இருக்கிறது. அதிகத் துணை தேவைப்படுகிறவர்களுக்காகக் கவனிப்பாளர் படி என்ற வார்த்தையும் இருக்கிறது. சிறப்பு ஆசிரியர்கள் ஆரம்ப வகுப்புகளில் பத்துப் பிள்ளைகளுக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் பதினைந்துக்கு ஒருவர் என்று மத்திய சர்க்கார் 2022-இல் விகிதம் அறிவித்தது. நம் வட்டார வள மையங்களில் வேலை செய்யும் சிறப்புப் பயிற்றுநர்களோ தொகுப்பூதியத்தில் வைத்திருக்கப்பட்டவர்கள். பள்ளி பள்ளியாக ஓடுகிறார்கள். பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ண மிஷன் இத்தகைய ஆசிரியர்களைப் பல்கலைக்கழக அளவில் பயிற்றுவிக்கிறது. நம் ஜில்லாவில் படித்தவர்களுக்குப் பஞ்சமில்லை, நிரந்தர வேலைக்குத்தான் பஞ்சம்.

கடும் பாதிப்புள்ளவர்களுக்கான மாதப் பராமரிப்புத் தொகை 2023 ஜனவரியில் 1,500 ரூபாயிலிருந்து 2,000 ஆயிற்று. பக்கத்து ஆந்திரத்தில் 2024-இல் மாற்றுத்திறனாளிகளின் மாத உதவி 6,000 ஆக்கப்பட்டது. வருமான வரியில் பார்த்தால், இப்படிப்பட்ட பிள்ளையை வளர்ப்பவருக்கு 75,000, கடும் பாதிப்பானால் 1,25,000 கழிவு உண்டு. வரி கட்டுகிறவருக்கு! பிசிறு வெட்டும் பெண் எதில் கழித்துக்கொள்வாள்? 2024 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட், இத்தகைய குழந்தையின் தாய்க்கு விடுப்பு கொடுப்பது அரசியல் சட்டத்தின் கடமை என்று சொன்னது. நல்ல தீர்ப்பு. வழக்குப் போட்டவர் இமாசலப் பிரதேசத்தில் ஒரு சர்க்கார் கல்லூரி ஆசிரியை. பீஸ் ரேட்டில் தைப்பவளுக்கு விடுப்பு என்றால் கூலியில்லாத நாள் என்று அர்த்தம். 1948-ஆம் வருஷத்து ஆலைச் சட்டம் பெண்கள் பலர் உள்ள ஆலைகளில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் கேட்டது. அதுவும் போராட்டத்தால் வந்ததே. பன்னிரண்டு வயதாகியும் தனியே விட முடியாத பிள்ளைக்கு எந்தக் காப்பகம்? வாளையாறைத் தாண்டினால் கேரளத்தில் பஞ்சாயத்துகளும் நகரசபைகளும் குடும்பஸ்ரீயோடு சேர்ந்து ‘பட்ஸ்’ பள்ளிகளை நடத்துகின்றன. பிள்ளை பகலில் அங்கே, தாய் வேலைக்கு. நமது சர்க்கார் உலக வங்கிக் கடனில் ‘விழுதுகள்’ மையங்கள் திறக்கிறது. மையம் வரட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் கடன் தீர்ந்த பின்னும் அது நடக்க வேண்டும். காலை ஷிப்டு முடிந்து வரும் தாய்க்கும் அது திறந்திருக்க வேண்டும்.

ஆகவே நாம் கேட்பவை பெரிய அதிசயங்கள் அல்ல. வார்டுக்கு ஒரு பகல் பராமரிப்பு மையம். தனியார் ஆலைகளிலும் பனியன் கம்பெனிகளிலும் கூலியோடு கூடிய சிகிச்சை விடுப்பு. பராமரிப்புத் தொகை ஆந்திரத்துக்குச் சமமாக. சத்துணவில் முட்டை தின்னாத பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுக்கிறார்களே, அதுபோல் ரவை, சேமியா ஆகாத பிள்ளைக்குக் காலை உணவில் அரிசிப் பண்டம். 2023-இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷனில் ராகி கொடுக்கத் தொடங்கினார்களே, அது கோவைக்கும் திருப்பூருக்கும் வரட்டும். தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்காகப் போராடும் சங்கத்தின் பெயரிலேயே ‘பாதுகாப்போர் உரிமை’ என்றும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். பெயர் வைத்தவர்கள் விஷயம் தெரிந்தவர்கள். தொழிற்சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலிலும் அந்த வார்த்தை ஏற வேண்டும்.

வருகிற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனுக்களைக் கொடுக்கிறோம். ரேஷன் கார்டு நகல், ஆதார் நகல், பிள்ளையின் போட்டோ மூன்று, பழைய ஆஸ்பத்திரிச் சீட்டுகள் எல்லாம் எடுத்து வாருங்கள். அடையாள அட்டை இல்லாதவர்கள் தனியாகப் பெயர் கொடுங்கள். கோவை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அவர்களைச் சேர்த்து அழைத்துப் போக இரண்டு தோழர்கள் பொறுப்பெடுத்திருக்கிறார்கள். பிள்ளையை விட்டுவிட்டு வர முடியாதவர்கள் பிள்ளையோடு வாருங்கள். வேன் காலை எட்டரைக்குச் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டு எதிரில் நிற்கும். சாப்பாடு அரிசிம்பருப்புச் சோறு. நெய், கடலை, கோதுமை எதுவும் இல்லாமல் சமைக்கச் சொல்லியிருக்கிறது. வேறு ஏதாவது ஆகாத பிள்ளை இருந்தால் இன்றைக்கே சொல்லிவிட்டுப் போங்கள்.